மூடியின் உட்பக்கம்

மூடியைத் திறந்ததும் பாலைப் பார்க்கக் கூடாது. பாலைப் பார்க்கிறவன் ஏமாந்துபோவான், கெட்ட பாலும் நல்ல பாலும் பார்வைக்கு ஒரே வெள்ளைதான், மூடியின் உட்பக்கத்தைத்தான் மோந்து பார்க்க வேண்டும், ஊரிலிருந்து வருகிற வழியெல்லாம் பால் விட்ட மூச்சு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைச் சென்னியப்பனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இந்தப் பால் குளிரூட்டும் நிலையத்தின் மேடையில் நின்று, லாரி லாரியாக வந்து இறங்கும் கேன்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, நல்லதென்றால் ‘ஊத்து’ என்றும் கெட்டதென்றால் ‘ஒதுக்கு’ என்றும் சொல்லிக்கொண்டிருக்கிற அந்த மூக்கு தானாகக் கண்டுபிடித்த வித்தை அது. இரண்டே வார்த்தை. சம்பளம் இந்த இரண்டு வார்த்தைக்குத்தான். வார்த்தைகூட வேண்டியதில்லை, வலது மூக்குத் துவாரம் ஒரு நூல் மேலே ஏறினாலே மேடையாள் மாரன் கேனை ஓரமாகத் தள்ளிவிடுவார், சென்னியப்பன் நீலச் சாக்கட்டியால் அதன் தோளில் ஒரு பெருக்கல் குறி போடுவார், அவ்வளவுதான், மேல் முறையீடு கிடையாது. மணி ஏழு இருக்கும். முதல் தடத்து லாரி போய்விட்டது. இரண்டாம் தடத்துக் கேன்கள் முடிகிற சமயம். மேடை முழுக்கப் பால் சிந்தி, நீர் பீய்ச்சி, மறுபடி பால் சிந்தி, செருப்பு வழுக்குகிறது, வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தும் மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிறு ஊறிப்போய்த் தோலில் நமைச்சல் எடுக்கிறது. மோந்து பார்த்தார். ஊத்து. அடுத்தது. ஊத்து. அடுத்தது லேசாக ஏதோ, புண்ணாக்கு வாடையா, இல்லை, சரி, ஊத்து. மூன்றாம் தடம் இன்னும் வரவில்லை. வராமலே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். வழியில் டயர் வெடித்து, கேன்கள் எல்லாம் உருண்டு, சேச்சே, என்ன நினைப்பு இது. மூன்றாம் தடத்து லாரியில்தான் நொச்சிக்காட்டுப்பாளையத்தின் எட்டுக் கேன்கள் வருகின்றன. அவற்றோடு இன்றைக்கு அந்த ஊர்ச் சங்கத்தின் செயலாளர் நாச்சிமுத்துவும் வருகிறார். நாச்சிமுத்துவின் மகனுக்குத்தான் இவருடைய மகள் மேகலாவைக் கேட்டார்கள். கேட்டார்கள் என்ன, முடிந்தே போயிருந்தது, அந்த ஒரு டம்ளர் காபி மட்டும் இல்லாதிருந்தால்.

காலையில் குளித்துவிட்டு வந்தபோது மேகலா சமையலறை வாசல்படியில் நின்றிருந்தாள். இருபத்தேழு வயசு. அவளாக வந்து அப்பாவிடம் பேசி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு நினைவில்லை. “அப்பா, இன்னைக்கு அவங்கப்பா வர்றாருங்களாம். ஒரு வார்த்த நல்லபடியாப் பேசிருங்க,” என்றாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “மோந்து பாக்காமப் பேசுங்க” என்றாள். கேலியா அது? கேலி இல்லை, அவள் உதடு நடுங்கியது, கேலி செய்கிறவர்களுக்கு உதடு நடுங்காது. அந்தப் பையனோடு ஒரு மாசமாக போனில் பேசிக்கொண்டிருந்தாள், சிரிப்புச் சத்தம் வெளியே கேட்கும், இந்த வீட்டில் அப்படிச் சிரிக்கிற ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டு நாளாகச் சத்தமில்லை. இதற்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தங்களும் அவரால்தான் போயின என்பது மனைவி வசந்தாமணியின் கட்சி. முதலாவது ஈரோட்டுப் பார்ட்டி, மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தியில் பக்கத்திலே உட்கார்ந்து பாயசத்தை இலையில் வாங்கி உள்ளங்கையால் வழித்து முழங்கைவரை ஒழுகவிட்டு நக்கினார், யாருக்குத்தான் குமட்டாது, எழுந்துவிட்டார், பாதி இலையில் எழுந்த மனுஷனை யார் மறப்பார்கள். இரண்டாவதில் பையனே கைகுலுக்க வந்தான், மூக்கைத் தேய்த்த கையை அப்படியே நீட்டினான், இவர் கும்பிட்டுவிட்டார். கும்பிடுவது மரியாதை இல்லையா? ஆனால் கையை நீட்டியவன் முகம் சுண்டிவிட்டது. இப்படியெல்லாம் நடக்கிறது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்ததும் ஒரு விநாடி குனிந்து மோந்து பார்ப்பதில் என்ன குற்றம்? வசந்தாமணி முப்பது வருஷமாகத் தட்டை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், மூக்கைப் பார்ப்பாள். மூக்கு ஏறாவிட்டால் போய்க் குழம்பை எடுத்து வருவாள். ஏறினால் ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். வீட்டிலும் அவருடைய வார்த்தை அதேதான், ‘ஒதுக்கு.’ ஒரு தடவை மேகலா பத்து வயதில் தானே செய்ததாக உப்புமா கொண்டுவந்து வைத்தாள். ரவையில் வண்டு வாடை. இருந்தது, நிஜமாகவே இருந்தது. ஒதுக்கு என்றார். அதற்கப்புறம் அவள் அவருக்கு எதுவும் சமைத்ததில்லை. இப்போது கொஞ்ச நாளாகத் தட்டைக்கூடத் தள்ளி நின்று கையை நீட்டி வைத்துவிட்டுப் பின்வாங்கிவிடுகிறாள். பயம். பயந்துகொண்டே இருக்கிற பெண்ணை வளர்த்துவிட்டோமே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. ஊத்து. இது நல்ல பால். இதற்கு அடுத்தது, இல்லை, ஒதுக்கு.

“சார், இதக் கொதிக்க வச்சுப் பாக்கட்டுங்களா?” என்று ஆய்வு மேசையிலிருந்து ஜெசிந்தா கேட்டாள். சோதனைக்குழாயில் கொஞ்சம் பாலை விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினால், கெட்ட பால் திரிந்துவிடும், நல்ல பால் திரியாது. “பாத்துக்கம்மா,” என்றார் அவர். பார்த்தாள். “திரியலீங்க சார்.” திரியாது. அது அவருக்குத் தெரியும். திரிகிற அளவுக்குப் புளிப்பதற்கு முன்னாலேயே மூக்கு சொல்லிவிடும், அதற்காகத்தானே மூக்கு, எல்லாவற்றையும் விளக்குதான் சொல்ல வேண்டுமென்றால் இங்கே ஒரு விளக்கை நிறுத்திவைத்துவிட்டுப் போகலாமே. மேலாளர்கூடப் போன வாரம் கூப்பிட்டு, “என்னங்க சென்னியப்பன், இந்த மாசம் ஒதுக்குனது ரெட்டிப்பா இருக்குது?” என்றார். சொல்லிக்கொண்டே விரலை நாக்கில் தொட்டுப் பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டினார். அந்த ஈரம் அப்படியே தாளின் மூலையில் பளபளவென்று நின்றது. அடுத்த பக்கம். மறுபடி நாக்கு. இருபது வருஷமாக இந்த அலுவலகத்தில் எத்தனை நாக்குகள் அந்தப் பதிவேட்டைப் புரட்டியிருக்கும், அந்த மூலைகளெல்லாம் பழுப்பேறித் தடித்துப்போய்க் கிடக்கின்றன, அதில்தான் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும்போல இருந்தது, அதனால் பேசாமல் நின்றார், அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார் மேலாளர். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, உன் குழம்பு என் சோற்றில், என் பொரியல் உன் மூடியில், எச்சில் கையால் எடுத்து எச்சில் கையால் கொடுத்து, அப்படிச் சாப்பிடுகிறவர்கள்தாம் இங்கே மேலே போனார்கள். கூடச் சாப்பிடாதவனை யார் சிபாரிசு செய்வார்கள்? ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நின்றுகொண்டு தனியாகச் சாப்பிட்டார் சென்னியப்பன். மேடையில் ஏறினபோது என்ன பதவியோ இன்றைக்கும் அதே பதவி. ஆனால் இந்த மாவட்டத்திலேயே அவருடைய மூக்குக்கு நிகர் இல்லை என்று இதே ஆட்கள்தான் வெளியே போய்ச் சொல்கிறார்கள். மூக்குக்காரர் என்று பட்டப்பெயர். மூக்கு வேண்டும், மூக்குக்குப் பின்னால் இருக்கிற ஆள் வேண்டாம். ஜெசிந்தா மட்டும் பரவாயில்லை, கற்றுக்கொள்கிற பெண், அவரிடம் பேசும்போது இப்போதெல்லாம் துப்பட்டா முனையை மூக்கருகே பிடித்துக்கொண்டு ஒரு எட்டுத் தள்ளியே நின்று பேசுகிறாள், சுத்தம் பத்தம் தெரிந்தவள், இன்னும் பத்து வருஷம் போனால் நல்ல மூக்காக வருவாள்.

அந்த டம்ளர். எங்கே சுற்றினாலும் புத்தி அந்த டம்ளரில் வந்து இடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேடை வேலையை முடித்து, இங்கேயே சோப்புப் போட்டுக் கை கழுவி, பையில் கொண்டுவந்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக நொச்சிக்காட்டுப்பாளையம் போனார், வசந்தாமணியும் அவளுடைய அண்ணனும் வீட்டிலிருந்து காரில் வந்திருந்தார்கள். பேச்செல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. நாச்சிமுத்து நல்ல மனுஷர், இருக்கிறதை இருக்கிறபடி பேசினார், வாய்க்கு வாய் சம்பந்தி சம்பந்தி என்றார், பையனும் குனிந்த தலை நிமிராமல் ஆனால் கண்ணில் சிரிப்போடு உட்கார்ந்திருந்தான். பேச்சு முடிகிறவரை யாரும் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. அதுதானே முறை, முடியாத சம்பந்தத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள், முடிந்துவிட்டால் அவர்கள் கையால் கொடுப்பதை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழ வேண்டும், குடித்தாயிற்று என்றால் உறுதியாயிற்று. பையனின் அம்மாவே காபியைக் கொண்டுவந்து நீட்டினார். வெள்ளி டம்ளர். இவர்கள் தோட்டத்து மாட்டுப் பால்தானுங்க என்றார் வசந்தாமணியின் அண்ணன், என்னவோ தான் கறந்த மாதிரி. சென்னியப்பன் டம்ளரை வாய்க்கருகே கொண்டுபோனார். வந்தது. காபித்தூளின் வாசனைக்கு அடியிலே, பழந்துணியை மோரில் நனைத்து மூலையில் போட்டு வைத்த மாதிரி ஒரு நாற்றம், புளித்து, கெட்டு, கொஞ்சம் அழுகலும் சேர்ந்து. தொண்டை தானாக மூடிக்கொண்டது. குடித்துவிடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், மகளுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு, சத்தியமாகச் சொல்லிக்கொண்டார். கை கேட்கவில்லை. டம்ளரை முக்காலியில் வைத்துவிட்டது. வைத்ததுகூடப் பெரிதில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அந்த மூக்கு ஏறியது பாருங்கள், வலது துவாரம், ஒரு நூல். நாச்சிமுத்து பதினைந்து வருஷமாகக் கேன் அனுப்புகிறவர், இந்த மேடையில் எத்தனையோ தடவை நின்று அந்த மூக்கைப் பார்த்தவர். வேறு எந்த வீடாக இருந்தாலும் புரிந்திருக்காது. அவருக்குப் புரிந்தது. வேட்டியைச் சரி செய்துகொண்டு, “அப்பறம் பேசிக்கலாங்க,” என்று எழுந்துவிட்டார். சம்பந்தி என்ற சொல் அத்தோடு போயிற்று.

மறுநாள் மூன்றாம் தடத்து லாரி வந்தபோது அந்த ஊர்க் கேனில் அதே நாற்றம். இருக்காதா பின்னே, வீட்டுக் காபியிலேயே இருக்கிறது, கேனில் இல்லாமலா போகும்? பாத்திரத்தைச் சரியாகக் கழுவாத ஜனங்கள், சாம்பலைப் போட்டுத் தேய்த்து அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுக் கழுவியாயிற்று என்று எழுந்து போகிற ஜனங்கள். எட்டும் ஒதுக்கு. அதற்கு மறுநாளும் எட்டு. பதினோரு நாள். திருப்பி அனுப்பிய பால் வெயிலில் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் நிஜமாகவே திரிந்துவிடும், ஊரில் சாக்கடையில் கொட்டுகிறார்களாம், லாரி டிரைவர் சொன்னான். மாவட்டமெல்லாம் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா? பொண்ணு சம்பந்தத்தில் மனஸ்தாபம், அதைப் பாலில் காட்டுகிறான் மூக்குக்காரன் என்பார்கள். அந்தப் பேச்சை நினைத்தாலே அருவருப்பாக இருந்தது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நாற்றம் இருந்தது, ஒதுக்கினார். நாற்றம் இல்லாவிட்டால் பகையாளியின் பாலாக இருந்தாலும் ஊத்து என்றுதான் சொல்லியிருப்பார். இந்த ஒன்றுதான் அவரிடம் இருக்கிறது, வேறு என்ன இருக்கிறது, சிநேகிதன் உண்டா, கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள் உண்டா, பெண்டாட்டி பாயைத் தூக்கிக்கொண்டு வெளி அறையில் போய்ப் படுத்து மூன்று வாரமாகிறது, காற்று வரவில்லையாம். மூக்கு ஒன்றுதான் பொய் சொல்லாமல் கூட நிற்கிறது. மணிக்கட்டு நமைத்தது. கயிற்றைக் கொஞ்சம் மேலே தள்ளிச் சொறிந்துகொண்டார். மேகலாவுக்கு நல்லபடியாக நிச்சயம் ஆக வேண்டும் என்று மூன்று மாசத்துக்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் வசந்தாமணி வேண்டிக் கட்டிவிட்ட கயிறு, மஞ்சளும் சிவப்புமாகத் தடிமனாக முறுக்கி ஏழு முடிச்சுப் போட்டது, நிச்சயம் ஆகிறவரைக்கும் கழட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். கட்டினபோது மஞ்சளாக இருந்த இடம் எது சிவப்பாக இருந்த இடம் எது என்று இப்போது சொல்ல முடியாது.

லாரி ரிவர்ஸில் வந்து மேடையை இடித்துக்கொண்டு நின்றது. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து நாச்சிமுத்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை, ஷேவ் செய்துகொண்ட முகம், கல்யாணத்துக்கு வருகிறவர்போல வந்திருந்தார். “வணக்கமுங்க சார்,” என்றார் நாச்சிமுத்து. சார். “வாங்க,” என்றார் இவர், நல்லபடியாக ஒரு வார்த்தை என்று மேகலா சொன்னாளே, அந்த வார்த்தை எங்கே, “வாங்க, உக்காருங்க,” என்றார், உட்கார அங்கே கேன்களைத் தவிர ஒன்றுமில்லை. “நிக்கறேனுங்க. கேனெல்லாம் நேத்துச் சாயங்காலமே நானே நின்னு கழுவ வச்சேன். சோடா போட்டு, வெந்நி ஊத்தி, வெயில்ல கவுத்து. இதுக்கு மேல என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க.” குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். வழக்கம்போல மற்ற ஊர்க் கேன்கள் முதலில் இறங்கின. இருபத்திரண்டு. மோந்து மோந்து பார்த்து அதில் ஐந்தை ஒதுக்கினார், ஒதுக்கும்போதெல்லாம் நாச்சிமுத்து பார்ப்பது தெரிந்தது. பிறகு நொச்சிக்காட்டுப்பாளையம் என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதிய முதல் கேனை மாரன் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். சென்னியப்பன் மூடியை வலது கையால் பிடுங்கி எடுத்து உட்பக்கத்தை மூக்குக்குக் கொண்டுவந்தார். கடவுளே, இல்லாமல் இருக்கட்டும். இருந்தது. அதே பழந்துணி, அதே அழுகல், நேற்றைக்கு இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. மேகலாவின் உதடு கண்ணுக்குள் வந்தது. சாக்கட்டி இடது கையில் இருக்கிறது. இரண்டு வார்த்தை, அதில் ஒன்று. இத்தனை வருஷத்தில் கெட்ட பாலுக்கு ஊத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை, ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் சொல்வதற்கு என்ன மிச்சம், இத்தனை நாள் நாறுகிறது நாறுகிறது என்று உலகத்தையே தள்ளி நிறுத்தியதற்கு என்ன அர்த்தம், பதிவேட்டை நாக்கால் புரட்டுகிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? கண்ணை மூடிக்கொண்டார். “ஊத்து,” என்றார். தன் வாயிலிருந்து வந்த சொல்லே அவருக்குக் குமட்டியது.

மாரன் கேனில் கை வைக்கவில்லை. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் நின்ற மனுஷன், மூக்கு ஏறினதைப் பார்த்துவிட்டு வாய் சொன்னதை எப்படிக் கேட்பார்? நாச்சிமுத்துவும் பார்த்துவிட்டார். “வேண்டாமுங்க,” என்றார். “நாத்தமிருந்தா ஒதுக்குங்க. எம்பையனுக்காகவும் ஊத்த வேண்டாம், உங்க பொண்ணுக்காகவும் ஊத்த வேண்டாம். ஊர்ல பதினெட்டு வீட்டுப் பொம்பளைங்க கறந்து ஊத்தற பாலு. நல்லதுன்னா நல்லதுன்னு போகட்டும், பிச்சையாப் போக வேண்டாம்.” அதற்குள் ஜெசிந்தா குழாயைத் தூக்கிக் காட்டி, “திரியலீங்க சார்,” என்றாள். “அந்த மூடியக் குடுங்க, நானும் ஒருக்காப் பாக்கறேன்,” என்று நாச்சிமுத்து கையை நீட்டினார். சென்னியப்பன் மூடியை நீட்ட, ஈரத்தில் அது வழுக்க, விழாமலிருக்க நாச்சிமுத்து அவருடைய மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கையை விட்டுவிட்டு மூடியை மட்டும் வாங்கி மோந்து பார்த்தார். ஒன்றுமில்லை என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். பிறகு, அந்த மணிக்கட்டைப் பிடித்த தன் உள்ளங்கையைத் தற்செயலாக முகத்தருகே கொண்டுபோனார். சென்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்துவின் மூக்கு ஏறியது. ஒரு நூல்தான். ஆனால் அது எப்படி இருக்கும் என்று சென்னியப்பன் இன்றுவரை பார்த்ததில்லை, அவர் எப்போதும் அதற்குப் பின்பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். எதிரே இருந்து பார்த்தால் அது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. நாச்சிமுத்து உள்ளங்கையை வேட்டியில் மெதுவாக, பார்க்கிறவர்களுக்குத் தெரியாத மாதிரி துடைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் கழுவி அடுக்கியிருந்த மூடிகளிலிருந்து ஒன்றை எடுத்தார். நீராவியில் கழுவியது, இன்னும் சூடு. மோந்து பார்த்தார். நாறியது. கீழே வைத்துவிட்டு, மூடியே இல்லாமல் வெறும் கையை மூக்குக்குக் கொண்டுவந்தார். விரலில் இல்லை, உள்ளங்கையில் இல்லை. கீழே. மணிக்கட்டு. ஏழு முடிச்சும் பாலைக் குடித்துக் குடித்துக் காய்ந்து, மறுபடி குடித்து, மூன்று மாசப் பால் அந்தக் கயிற்றுக்குள் அழுகிக்கொண்டிருந்தது. சோப்பு மேலே மேலே போயிருக்கிறது, முடிச்சுக்குள் போகவில்லை. காலையில் குளித்துவிட்டு வரும்போது சோப்பு வாசனை, முதல் தடத்தில் ஒன்றும் தெரியாது, இரண்டாம் தடத்தில் ஊற ஊற எழும்பும், கடைசியில் வருகிற மூன்றாம் தடத்துக்கு, அதிலும் கடைசியாக இறங்குகிற நொச்சிக்காட்டுப்பாளையத்துக் கேன்களுக்கு, அது முழுசாக எழுந்து நிற்கும். வெள்ளி டம்ளரைப் பிடித்த கை. தட்டைக் கை நீட்டி வைத்துவிட்டுப் பின்வாங்குகிற மேகலா. துப்பட்டா. வெளி அறைப் பாய். “உனக்குத் தெரியுமாம்மா?” என்று ஜெசிந்தாவிடம் கேட்டார். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டே, “ஒரு மாசமாத் தெரியுங்க சார்,” என்றாள். “உங்ககிட்டப் போயி நாத்தம்னு எப்படிங்க சார் சொல்றது?” மாரன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் நாறிக்கொண்டு ஊரையெல்லாம் ஒதுக்கியிருக்கிறார். பதினோரு நாள் பதினெட்டு வீட்டுப் பால், நல்ல பால், சாக்கடை. தன் தோலையே உரித்து எங்காவது எறிந்துவிட வேண்டும்போல அருவருத்தது அவருக்கு.

“பாலு நல்ல பாலுங்க,” என்றார் நாச்சிமுத்துவிடம். “எங்கையிதாங்க நாறுது. உங்க வூட்டுக் காபியும் நல்ல காபிதானுங்க.” கையை அவர் பக்கம் நீட்டாமல், பின்னாலும் மறைக்காமல், நடுவிலே வைத்துக்கொண்டு நின்றார். “பொண்ணுக்கு வேண்டிக் கட்டுனதுங்க. நிச்சயம் ஆகாமக் கழட்டக் கூடாதுன்னு.” நாச்சிமுத்து கயிற்றைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று சென்னியப்பன் காத்திருந்தார், கத்தினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. “அன்னைக்கே எங்க வூட்ல சொன்னாங்க,” என்றார் நாச்சிமுத்து. “டம்ளர் குடுக்கையில என்னமோ வாடை வந்துச்சுன்னு. பாலோட பொழங்கற கையி, அப்படித்தான இருக்கும், அதுக்கென்னன்னு நாந்தான் சொன்னேன்.” அவ்வளவுதான் சொன்னார். அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. பிறகு நாச்சிமுத்து சாம்பிள் கரண்டியை எடுத்து, தன் கேனிலிருந்து இரண்டு கரண்டி பாலை மொண்டு, அந்த மூடியையே மல்லாத்தி அதில் ஊற்றி நீட்டினார். “குடிங்க.” பச்சைப் பால். எத்தனையோ பேர் கைபட்ட மூடி, மாரனின் விரல், டிரைவரின் விரல், நாச்சிமுத்து மோந்து பார்த்த மூச்சு. இடது கையை நீட்டப் போனார், அது நாறாதே என்று, சட்டென்று நிறுத்திக்கொண்டார், இடது கையால் வாங்கினால் இன்னொரு டம்ளரைக் கீழே வைத்த மாதிரி. வலது கையால்தான் வாங்க வேண்டும். வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகப் போகக் கயிறு மூக்குக்கு நேராக வந்து நின்றது. தொண்டை மூடிக்கொண்டது. திற, நாயே, என்றார் தொண்டையிடம். நாக்கில் பால் இனித்தது, மூக்கில் அவரே அழுகிக்கொண்டிருந்தார், இரண்டையும் சேர்த்து விழுங்கினார், கண்ணில் தண்ணீர் வந்தது, குமட்டி ஒரு தடவை தோள் குலுங்கியது, விடவில்லை, மூடியின் விளிம்பில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மூடியைத் திருப்பிக் கொடுத்தார்.

நாச்சிமுத்து மூடியைக் கேனில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “இனிக் கழட்டிப் போடுங்க, சம்பந்தி,” என்றார். சென்னியப்பன் முடிச்சை இடது கை நகத்தால் கிளறினார். பால் ஏறி இறுகிக் கல்லாகியிருந்தது, அசையவில்லை. பிளேடு கொண்டு வருகிறேன் என்று ஜெசிந்தா ஓடினாள். அவர் காத்திருக்கவில்லை. மணிக்கட்டைத் தூக்கி, மூச்சை அடக்காமலே, முடிச்சைப் பல்லால் கடித்தார்.